சுத்தமான தண்ணீரில் வெளுத்த மான்கொம்பு

தண்ணீரில் துளி அழுக்கு இல்லை. விளக்கு ஒழுங்காக எரிகிறது. உப்பு சரி, சூடு சரி. பிறகு எதற்காகப் பவளம் செத்துக்கொண்டிருக்கிறது?

எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பவளம் என்பது உயிருள்ள பிராணி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதில் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைப் பின்னால் அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கேட்டதை ஒழுங்குபடுத்தி, அவர் பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆவியக்கா என்று பெயர். அறுவை சிகிச்சை முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக் கறையோடு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள ஓர் அறைக்கு இறங்கி வரும். அவற்றைக் கழுவி, கத்தரியின் மூட்டு முதல் இடுக்கியின் பல் வரை தேய்த்து, துணியில் பொதிந்து, ஆவி இயந்திரத்துக்குள் அடுக்கி எடுப்பது அவர் வேலை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் யாரிடமாவது, "கீழ போய் ஆவியக்காவைப் பாரு" என்று மேலே சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பெண் சுவரை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வரும். கீழே ஒரு குள்ளமான பெண்மணி முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். "வாம்மா, பயப்படாத. கால் தரையில படுது பாரு" என்று தன் காலைக் காட்டுவார். அந்த வேடிக்கை அவருக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவிகளோடு சேர்த்து ஒரு சின்னக் குப்பியையும் ஆவிக்குள் அனுப்புவார்கள். அதற்குள் இலேசில் சாகாத கிருமி இருக்கும். வெளியே எடுத்த பிறகு குப்பியை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். நிறம் மாறினால் கிருமி பிழைத்துக்கொண்டது என்று பொருள். அன்றைக்குச் செய்த வேலை முழுவதும் வீண். நிறம் மாறாவிட்டால் உள்ளே ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்த அறையில் நல்ல செய்தி. ஆவியக்கா இத்தனை வருஷங்களாக அந்த நல்ல செய்திக்காகவே காத்திருந்து பழகியவர்.

வீட்டுக்கு வந்தாலும் கை அதே கைதானே. குழாயைத் திறந்த கையைக் கழுவிவிட்டு, கை பட்ட குழாயையும் கழுவிவிட்டுத்தான் மூடுவார். மின்விசிறியின் இறக்கையில் தூசி பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. "உன்னைக் கட்டிக்கிட்டதுலேருந்து என் கைரேகையே தேஞ்சு போச்சு" என்று அவர் கணவர் சொல்வார்.

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். சில மாதங்கள் கடலில் இருப்பார், சில மாதங்கள் வீட்டில் இருப்பார். வீட்டில் இருக்கும்போது அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அவருடைய நேரமெல்லாம் முன் அறைத் தொட்டிக்குத்தான். மற்ற வீடுகளில் சோபா இருக்கும் இடத்தில் அவர்கள் வீட்டில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கடல் தண்ணீர். கடலிலிருந்து மொண்டு வந்ததல்ல. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்துச் செய்தது. தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து வழியும் தண்ணீர் அங்கே இறங்கி, சுத்தமாகி, பம்பு வழியாக மறுபடி மேலே ஏறும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்ப்பார்கள்.

தொட்டியின் நடுவில் பாறைமேல் நின்றது மான்கொம்பு. பார்ப்பதற்கு ஊதா நிறத்தில் கிளை கிளையாகப் பிரிந்த கொம்புபோல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அது கல்பவளம். தொட்டால் கல்தான். ஆனால் அந்தக் கல்லைத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்திலிருந்து தனக்குத்தானே கட்டிக்கொள்வது, மேலே மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் உயிர். அந்தத் தோல் முழுவதும் குண்டூசித் தலையளவு வாய்கள். யாரோ ஒரு தொட்டிக்காரர் கட்டைவிரல் நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்த துண்டைக் கணவர் ஈரத் துணியில் பொத்திக்கொண்டு ஓடி வந்து பாறையில் ஒட்டினார். வருஷக்கணக்கில் வளர்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிதாகியிருந்தது. மீனாவது ஒரு நாள் முன்னே பின்னே பொறுத்துக்கொள்ளும். கல்பவளத்துக்குப் பொறுமையே கிடையாது. உப்பு சற்று ஏறினாலும், சூடு சற்று இறங்கினாலும் சுருங்கிவிடும். அவர் கப்பலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு நண்பர் வந்து பார்த்துக்கொள்வார். அந்த நண்பர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதால் இந்த முறை பொறுப்பு ஆவியக்கா தலையில் விழுந்தது.

கிளம்பும்போது கணவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "புதுசா எதுவும் செய்யாத. இருக்குறது இருக்குற மாதிரியே இருக்கட்டும்."

"கைக்குழந்தையை விட்டுட்டுப் போற மாதிரி பேசுறீங்க. கல்லுதானே."

"மெதுவா பேசு. அதுக்குக் கேக்கும்" என்றார் அவர்.

அவர் போன பிறகு ஆவியக்கா முதன்முறையாக நாற்காலியைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் அதைத் துடைக்க வேண்டிய ஒரு பெரிய சாமான் என்ற அளவில்தான் பார்த்திருந்தார். உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அந்த ஊதா கண்ணைப் பிடித்துக்கொண்டது. விளக்கு அணையும் முன் வாய்கள் ஒவ்வொன்றாக விரிந்து, கொம்பு முழுவதும் பூனைமயிர்போல் ஆகும். இதைவிட்டு அந்த மனுஷன் எப்படிக் கடலுக்குப் போகிறார் என்று தோன்றியது. பிடித்துப்போய்விட்டது. அதனால் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் இருந்தது, சுரண்டினார். மணலில் மீன் கழிவு கிடந்தது. குழாய் வைத்து உறிஞ்சினார். அடி அலமாரியில் ஸ்கிம்மர் என்று ஒன்று உண்டு. தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியே தள்ளும் குழாய் அது. கணவர் அதைப் பாதியளவுக்குத்தான் திறந்து வைத்திருந்தார். சோம்பேறித்தனம் என்று நினைத்து முழுவதும் திறந்துவிட்டார். கரும்பச்சைச் சாறு கிண்ணம் கிண்ணமாக வந்தது. அதைக் கொட்டும்போது ஆவியக்காவுக்கு இருந்த திருப்தியைச் சொல்லி முடியாது.

அடுத்து மீன்கள். மஞ்சள் மீன்கள் நாலைந்து, கறுப்புக் கோடு போட்ட பெரிய மீன் ஒன்று. தின்பதும் கழிவதும் தவிர அவற்றுக்கு வேறு உத்தியோகம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. தான் பெருக்க, அவை போட, தான் பெருக்க, அவை போட என்றே பொழுது போனது. ஒரு விடுமுறை நாளில் அவற்றை மூடி போட்ட வாளியில் பிடித்துக்கொண்டு போய் மீன் கடையில் விட்டார். கொஞ்ச காலம் வைத்திருங்கள் என்றார். கடைக்காரருக்குக் கசக்குமா? கண்ணாடிக்குப் பின்னால் நீந்தவிட்டுவிட்டு, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கழிவும் இருக்கக்கூடாது, அதற்கு என்ன உண்டு என்று ஆவியக்கா கேட்டார். செங்கல் பொடி நிறத்தில் ஒரு குருணையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். தண்ணீரில் கரைந்துள்ள கழிவுச் சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் குப்பி வீட்டில் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் எடுத்து மருந்துத் துளிகளை விட்டு ஆட்டினால், கழிவுச் சத்து இருந்தால் நீலம் தட்டும். கணவர் இருந்தவரை எப்போதும் இலேசான நீலம் இருக்கும். குருணை போட்டுச் சில நாளில் நீலம் போய்விட்டது. ஆவியக்கா குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வெறும் தண்ணீர்போல் இருந்தது, ஒரு சாயலும் இல்லை. நிறம் இல்லாத குப்பியைப் பார்த்து அவர் மனசு குளிர்ந்தது. அவருடைய அறையில் அது தேர்ச்சி.

மான்கொம்பும் மாறியது. அடர்ந்த ஊதா மெல்ல மெல்ல இளகி, சலவை செய்த பட்டுபோல் இளம் ஊதாவாக ஆனது. கிளை நுனிகள் பளிச்சென்று வெளுத்தன. நுனி வெளுப்பது வளர்வதற்கு அடையாளம் என்று கணவர் என்றோ சொல்லியிருந்ததால் ஆவியக்கா பூரித்துப்போனார். கப்பல் ஒரு துறைமுகத்தை நெருங்கியபோது வீடியோவில் பேசினார்கள். படம் விட்டு விட்டு வந்தது.

"விளக்கை மாத்தினியா? கலரு ரொம்ப நல்லா இருக்கே" என்றார் கணவர்.

"விளக்கு இல்லைங்க. கை" என்று ஆவியக்கா தன் கையைக் காமிராவில் காட்டினார்.

மீன் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது படம் நின்றுவிட்டது. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். கப்பல் மறுபடி நடுக்கடலுக்குப் போய்விட்டது; இனி பல நாள் பேச்சு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவரின் தங்கை. குழந்தைகள் காப்பகத்தில் வேலை. பால் பல் முளைக்காத பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு ஊட்டிவிட்டு அவள் சட்டையில் எப்போதும் ஏதாவது காய்ந்திருக்கும். அவள் குடியிருந்த வீட்டில் குழாய் வெடித்துச் சுவரை உடைத்துப் போட்டிருந்தார்கள். சரியாகும்வரை அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று பெட்டியோடு வந்தவளை, ஆவியக்கா முதலில் குளியலறைக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்காரச் சொன்னார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மீனெல்லாம் எங்க அண்ணி?"

"கடையில விட்டிருக்கேன். ரொம்ப அசிங்கம் பண்ணுது."

"மீன் இல்லாத மீன் தொட்டி. நல்லாத்தான் இருக்கு. அடுத்து தண்ணியையும் எடுத்துட்டா துடைக்குற வேலையே இருக்காது."

"உன் வாயை மொதல்ல கழுவணும்" என்றார் ஆவியக்கா. இருவருக்கும் இப்படிப் பேசிக்கொள்ளாவிட்டால் நாள் நகராது.

ஒரு காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது மான்கொம்பின் அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பாறையோடு ஒட்டும் இடத்தில் தோல் நனைந்த காகிதம்போல உரிந்து தண்ணீரில் ஆடியது. அதற்குக் கீழே வெறும் எலும்பு. மறுநாள் அந்த வெள்ளைக் கோடு இன்னும் சற்று மேலே ஏறியிருந்தது. நுனியில் பார்த்துப் பூரித்த வெண்மையும் வளர்ச்சி இல்லை, அங்கேயும் தோல் செத்து உதிர்ந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

சதை அடியிலிருந்து அழுகுகிறது என்றால் கிருமி. அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கிருமி என்றால் சுத்தம் போதவில்லை. ரப்பர் குழாய்களைக் கழற்றிக் கொதிக்கவைத்தார். தண்ணீரைப் பெருமளவு மாற்றினார். கடைக்குப் போய் இன்னும் குருணை வாங்கி வந்து போட்டார். குப்பியில் நிறம் இல்லை என்பதை அடிக்கடி பார்த்துக்கொண்டார். கோடு ஏறிக்கொண்டே இருந்தது. வேலையில் ஒரு தட்டில் வைக்க வேண்டிய இடுக்கியை இன்னொரு தட்டில் வைத்துவிட்டு, மேற்பார்வையாளர் எடுத்துக்காட்டிய பிறகு முகம் சிவந்து மாற்றி வைத்தார். அப்படி ஒரு தவறு அவர் கையிலிருந்து யாரும் பார்த்ததில்லை. கணவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளை எலும்பைப் பார்ப்பது அவர் கண்முன் ஓடிக்கொண்டே இருந்தது. தன்னை நம்பி விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அதையும் கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? என் வீட்டு வாசலில் நின்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த நாட்களில்தான்.

ஒரு சாயங்காலம் நாத்தனார் வேலை முடிந்து வந்து, தொட்டி முன்னால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆவியக்கா அப்போதுதான் சோதனை முடித்து, கையில் குப்பியோடு நின்றார்.

"கேக்கணும்னு நினைச்சேன் அண்ணி. இது என்ன சாப்பிடும்?"

ஆவியக்கா சலிப்போடுதான் பதில் சொன்னார். அந்தத் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தை வைத்து அது சமைக்கிறது, அதில் பவளத்துக்கும் பங்கு கிடைக்கிறது. கணவர் பலமுறை சொல்லி அவர் காதில் தங்கியிருந்த பாடம் அது.

நாத்தனார் யோசித்தாள். "சரி. அடுப்பு எரியுது. சமைக்க ஆளும் உள்ள இருக்கு. சாமான் எங்க?"

"என்ன சாமான்?"

"எதை வச்சு சமைக்கும்? வெறும் அடுப்பை வச்சுக்கிட்டு எங்க அண்ணனாலகூட சமைக்க முடியாதே. எங்க காப்பகத்துல ஒரு குட்டி இருக்கான். தரையில கை வைக்கக் கூடாது, வெளியில எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு அவ்வளவு சுத்தமா வளக்குறாங்க. பாத்தா இப்படித்தான், வெளுத்துப்போய் பொம்மை மாதிரி இருக்கான்."

"சாமான் தண்ணியில இருக்கும்டி" என்றார் ஆவியக்கா.

தண்ணீரில் என்ன இருக்கிறது? கையில் இருந்த குப்பியைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். பவளத்துக்குள் இருக்கும் பாசியும் ஒரு பயிர்தான். உரம் இல்லாமல் எந்தப் பயிர் நிற்கும்? மீன் போட்டதைக் கழிவு என்று நினைத்து ஒட்டத் துடைத்திருந்தார்.

நாத்தனார் என்னமோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் காதில் விழவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டார். பவளம் உரிகிறது என்றதும் அவர் டெஸ்டில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் காட்டல. சுத்தமா பூஜ்யம்."

"பூஜ்யம்னா அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி குருணை வாங்கிட்டுப் போனீங்க?"

"நீங்க ஏன் வித்தீங்க?"

"கேட்டீங்க, கொடுத்தேன். பூஜ்யம்னு நீங்க சொல்லல. எவ்வளவுன்னு நான் கேக்கல."

அதற்கு மேல் கடைக்காரர் அதை வளர்க்கவில்லை. குருணையை எடுத்துவிடுங்கள், விளக்கைக் குறையுங்கள், மீனை வந்து கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் எல்லாம் படிப்படியாக, ஒரே நாளில் தலைகீழாக மாற்றினால் அதனாலேயே சாகும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். அடியிலிருந்து உரிய ஆரம்பித்துவிட்டால் அது தானாக நிற்பது அபூர்வம். மேலே தோல் நன்றாக இருக்கும் கிளைகளை ஒடித்து எடுத்துத் தனித்தனியாக ஒட்டிவிட வேண்டும். கோடு அங்கே ஏறுவதற்குள்.

ஒடிப்பதா? கணவர் அதன்மேல் தூசி படக்கூடப் பொறுக்காதவர். பக்கத்துத் தொட்டிக்காரர்கள் எத்தனை முறை கேட்டும் ஒரு நுனியைக்கூட அவர் ஒடித்துக் கொடுத்ததில்லை. ஆவியக்கா கப்பலுக்குச் செய்தி அனுப்பினார். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவில்லை. இன்னும் பல நாள் வராது என்பதும் தெரியும். புதிதாக எதுவும் செய்யாதே என்று சொன்னவரின் பவளத்தை, அவரைக் கேட்காமல், இடுக்கி வைத்து ஒடிப்பது. ஒடிக்காவிட்டால் அவர் வரும்போது கேட்பதற்கு எதுவும் இருக்காது.

"என்ன பண்ணட்டும், சொல்லேன்" என்று நாத்தனாரிடமே கேட்டார்.

"எங்கிட்ட கேக்குறீங்களா? அண்ணன் கேட்டா நான் அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு சொல்லிடுங்க" என்றாள் அவள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினாள். "ஒடிங்க அண்ணி. முழுசா வச்சு அழுறதுக்கு, உடைச்சு வச்சுத் திட்டு வாங்கலாம்."

மறுநாள் காலை வேலையில் எலும்பு வெட்டும் இடுக்கி ஒன்று கழுவ வந்தது. ஆவியக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். இரண்டு விரல் அகலம், வளைந்த வாய், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒரு மத்தியானத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போனால் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்ததற்கே தன்னைத் திட்டிக்கொண்டு அதைத் தட்டில் வைத்தார். ஆனால் அந்த அறையில் அவர் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒன்று நினைவுக்கு வந்தது. அழுகிய காலை எடுக்கும்போது டாக்டர்கள் அழுகல் முடியும் இடத்தில் வெட்டுவதில்லை. நல்ல சதைக்குள் தள்ளித்தான் வெட்டுவார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் தள்ளித்தான் வெட்ட வேண்டும்.

ஷிப்ட் முடிந்து வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் கம்பி வெட்டும் கட்டர் ஒன்று வாங்கினார். வீட்டுக்கு வந்து அதைக் கொதிக்கவைத்தார். விளக்கை அணைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரிலேயே ஒரு கிண்ணம் எடுத்து அதில் கடைக்காரர் சொன்ன அளவு அயோடின் கலந்தார். நாத்தனார் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆவியக்கா தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டார்.

முதல் கிளையில் கட்டரை வைத்தார். எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார், இன்னும் கொஞ்சம். டக் என்று ஒரு சத்தம், தண்ணீருக்குள் கேட்டதா எலும்புக்குள் கேட்டதா தெரியவில்லை. வருஷக்கணக்கில் வளர்ந்த கிளை விரலுக்குள் அத்தனை இலேசாக வந்துவிட்டது.

"விடாதீங்க" என்றாள் நாத்தனார்.

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு நன்றாகத் தள்ளி, கிளை கிளையாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். கோடு ஏறிவிட்ட பெரிய கிளைகளை அப்படியே விட்டார். அவற்றைப் பார்க்கவும் இல்லை. அயோடினில் நனைந்த துண்டுகளை வில்லை வில்லையான சின்னக் கற்களில் பசை வைத்து ஒட்டி, தொட்டியின் அடியில், வெளிச்சம் குறைவான பக்கத்தில் வரிசையாக வைத்தார். மேலே பாறையில் மொட்டை அடித்ததுபோல் அடித்தண்டும் வெளுத்த பெரிய கிளைகளும் மட்டும் நின்றன.

"ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, அண்ணி சிரிக்காததைப் பார்த்து நாத்தனார் கிண்ணத்தைக் கழுவப் போனாள். அதை அவளே இரண்டு முறை கழுவினாள்.

மீன்கள் இரண்டு தவணையாகத் திரும்பி வந்தன. கறுப்புக் கோட்டு மீன் வரவில்லை. கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு காலம் என்று தெரியாமல் கடைக்காரர் அதை விற்றுவிட்டிருந்தார். குருணையைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். ஸ்கிம்மர் பழையபடி பாதிக்கு வந்தது. ஆவியக்காவுக்கு வெட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது இதற்குப் பிந்தைய வேலைதான். மீன் தின்னும், கழியும், அது மெல்ல மணலில் போய் உட்காரும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில நாள் நாத்தனாரே துடைக்கும் துணியைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள்.

துண்டுகளில் சில ஒரே வாரத்தில் வெளுத்து எலும்பாயின. சில அப்படியே நின்றன. ஒரு நாள் சோதனைக் குப்பியில் மங்கலாக நீலம் தெரிந்தது. ஆவியக்கா அதை நாத்தனாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அழுக்கைக் கண்டு அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. பிழைத்த துண்டுகளின் மேல் நாளடைவில் நிறம் ஏறியது. ஊதா இல்லை. சேற்றுப் பழுப்பு. உள்ளே பாசி மறுபடி பெருகுகிறது, முதலில் இப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர்.

கப்பலிலிருந்து போன் வந்தபோது ஆவியக்கா எதையும் மறைக்கவில்லை. ஸ்கிம்மரில் ஆரம்பித்து, மீன், குருணை, கோடு, கட்டர் என்று நடந்த வரிசையிலேயே சொன்னார். காமிராவைத் திருப்பி மொட்டைத் தண்டைக் காட்டினார். பழுப்புத் துண்டுகளையும் காட்டினார்.

கணவர் தண்டை இன்னொரு முறை காட்டச் சொன்னார். பிறகு, "அன்னைக்கு நான் கலர் நல்லா இருக்குன்னு சொன்னேனே, அப்ப மீன் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"சரி" என்று வைத்துவிட்டார். அடுத்து அவர் பேசியபோது வீட்டு விஷயம், தங்கையின் வீட்டுச் சுவர், எல்லாம் பேசினார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று ஆவியக்காவுக்கு இருந்தது.

அவர் ஊர் திரும்பினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கை கால் கழுவச் சொல்லும் முன்பே தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். ஆவியக்கா கதவருகிலேயே நின்றார். அவர் செத்த தண்டைப் பார்த்தார். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையை உள்ளே விட்டு ஒரு துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எங்க வெட்டணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கோட்டுக்குத் தள்ளி வெட்டினேன்."

"நானா இருந்தா ஒட்டி வெட்டியிருப்பேன்" என்றார் அவர். "மனசு வந்திருக்காது. அதுவும் போயிருக்கும்." துண்டைத் திரும்ப வைத்துவிட்டு, "கலர் வெளுக்கும்போது நான் அங்கேருந்து கை தட்டிட்டு இருந்தேன்" என்றும் சொன்னார். கோபம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. ஆவியக்காவும் கேட்கவில்லை. கை கழுவச் சொல்லிச் சோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே கணவர் பழுப்புத் துண்டுகளில் இரண்டை ஈரத் துணியில் வைத்துப் பொத்தி, ஒன்றை மீன் கடைத் தொட்டியிலும், ஒன்றை முன்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு தொட்டிக்காரர் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். தனக்கென்று ஒரே இடத்தில் வைத்திருந்தது தப்பு, ஒரு வீட்டில் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும் என்றார். எதற்கும் கூடவே ஆவியக்காவும் போனார். அந்தத் தொட்டிக்காரரின் கண்ணாடி துடைத்து வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. ஆவியக்கா அதை உற்றுப் பார்த்தார். உங்கள் குப்பியில் நீலம் தெரிகிறதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று பெருமையாகச் சொன்ன மனிதரை உட்காரவைத்து, மேலே சொன்ன கதை முழுவதையும் சொன்னார்.

இப்போது எதிர் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி ஆவியக்காவுடையது. எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம். மற்ற மூன்று பக்கமும் பாசி பிடித்தபடி கிடக்கும். துண்டுகள் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கின்றன. ஊதா எப்போது வரும் என்று யாராவது கேட்டால், "மொதல்ல நல்லா சாப்பிடட்டும்" என்கிறார் ஆவியக்கா.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது பவளத் தொட்டி இருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். தொட்டி இல்லாதவர்களிடமும் சொல்லிவையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த யாரிடமாவது இருக்கும். அங்கே ஒரு பவளம் அழகாக வெளுத்துக்கொண்டிருக்கலாம், பார்க்கிறவர் அதைப் பாராட்டிக்கொண்டிருக்கலாம்.